விடுதலைக்கு விலை கொடுத்த நாடு

2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் மாலை ஹைட்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தால் சிதைந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். அந்நகரின் பேராலயம் இடிந்து விழுந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ ஆண்டகையும் அன்றே உயிர்நீத்தார். அந்நாள்களில் நாம் பணியாற்றிய பங்கிலும் துயர்துடைப்பு நிதிக்கெனத் தனிக் காணிக்கை எடுக்கப்பட்டது. திருப்பலி முடிந்ததும் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். பங்கின் மூத்த பிள்ளைகளுள் ஒருவர். கேள்வி கேட்பதில் தயக்கம் அறியாதவர்.

"சாமி, காணிக்கை போட்டுட்டேன். ஆனா அந்த நாட்டுக்காரங்க பேயோட உடன்படிக்கை செஞ்சுக்கிட்டவங்கன்னு அமெரிக்காவுல ஒரு போதகர் தொலைக்காட்சியில சொன்னாராமே. அதனாலதான் அவ்வளவு ஏழையா இருக்காங்களாம். நெசமா?"

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறக்கக் காரணம் யார் செய்த பாவம், இவர் செய்ததா, இவருடைய பெற்றோர் செய்ததா என்று ஆண்டவரிடம் வினவியதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருவருமல்லர் என்று இயேசு மறுத்துவிட்டார். அந்த மறுமொழியையே நாமும் முதியவருக்குச் சொல்லி அனுப்பினோம். அன்று அது போதும் என்று தோன்றியது. பின்னர் ஹைட்டியின் வரலாற்றை ஊன்றி வாசித்தபோது, நமது மறுமொழி பாதியே சரி என்று உணர்ந்தோம். பார்வையற்றவரைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று கேட்பது கொடுமை. ஆனால் ஒரு நாட்டின் வறுமையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பது நம் கடமை. விரலை எத்திசையில் நீட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

சில நாடுகள் செழிப்பதற்கும் சில நாடுகள் தேய்வதற்கும் அறிஞர்கள் சொல்லும் காரணங்கள் பல. வெப்பமான தட்பவெப்பம் என்பர். மக்களின் சோம்பல் என்பர். செருமானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில் சீர்திருத்த சபைகளின், சிறப்பாகக் கால்வினியத்தின், ஒழுக்கநெறிக்கும் முதலாளித்துவ மனப்பாங்குக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். அதைக் கேள்விப்பட்ட பலர், கத்தோலிக்க நாடுகள் என்றாலே ஏழை நாடுகள் என்று எளிதாக முடிவு கட்டிவிடுகின்றனர். பெல்சியமும் பவேரியாவும் வட இத்தாலியும் அவர்கள் கண்ணில் படுவதில்லை போலும். இக்கருத்துகளோடு இங்கே மல்லுக்கு நிற்கப் போவதில்லை. ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு அதன் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பதே நம் நோக்கம்.

ஹைட்டி என்றும் ஏழை நாடாக இருந்ததன்று. கொலம்பஸ் 1492ஆம் ஆண்டு டிசம்பரில் கால் வைத்த இஸ்பானியோலா தீவின் மேற்கு மூன்றில் ஒரு பங்கு, 1697இல் செய்யப்பட்ட உடன்படிக்கையால் பிரான்சு நாட்டின் கைக்கு வந்தது. சான்-தொமிங்கு என்பது அதன் பெயர். 1780களில் உலகின் மிகச் செல்வச் செழிப்பான குடியேற்ற நாடு அதுவே. ஐரோப்பா உண்ட சர்க்கரையில் பெரும்பங்கும், அருந்திய காப்பியில் ஏறக்குறையப் பாதியும் அங்கிருந்தே சென்றன. போர்தோ, நாந்த் ஆகிய பிரெஞ்சுத் துறைமுக நகரங்களின் மாளிகைகள் அச்செல்வத்தின் சாட்சிகளாக இன்றும் நிற்கின்றன.

அச்செல்வத்தை விளைவித்தவர்கள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள். வெள்ளையரோ 40,000 பேருக்கு மேல் இல்லை. கரும்பு ஆலையிலும் வயலிலும் அடிமைகள் விரைந்து மாண்டார்கள். மாண்டவர் இடத்தை நிரப்ப 1780களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். பிள்ளை பெற்று வளர்ப்பதைவிடப் புதிதாக ஒருவனை வாங்குவது மலிவு என்று கணக்கிட்ட முதலாளிகள் அவர்கள். அந்த அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவேண்டும் என்று பிரெஞ்சு அரசனின் சட்டமே கூறியது. திருமுழுக்குப் பெற்ற பின்னும் அவர்கள் அடிமைகளே. துறவற சபைகள் சில அங்கே அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தின என்பதையும் மறைப்பதற்கில்லை.

1791ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றி எரிந்தன. எழுச்சிக்கு முன்பு அடிமைகள் காட்டில் கூடி வேண்டுதல் செய்ததாகச் சொல்லப்படும் இரவைத்தான் அந்தத் தொலைக்காட்சிப் போதகர் "பேயோடு உடன்படிக்கை" என்றார். சாட்டையடிக்குத் தப்ப வழி தேடியவர்களின் மன்றாட்டைப் பேய்க்கு உரியதென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. எழுச்சிக்குத் தலைமையேற்ற துசேன் லூவெர்த்தூர் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1801இல் அவர் வகுத்த அரசியலமைப்பு கத்தோலிக்க மறையையே அரசு மறையாக அறிவித்தது. நெப்போலியன் அனுப்பிய படை அவரை வஞ்சகமாகப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுசென்றது. 1803 ஏப்ரலில், குளிர் நிறைந்த ஒரு மலைக்கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். ஆயினும் போரும் மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை அழித்தன. 1804ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் புதிய நாடு பிறந்தது. தீவின் பழங்குடியினர் வழங்கிய "மலைநாடு" எனப் பொருள்படும் பழைய பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அடிமைகள் தம் தளைகளைத் தாமே அறுத்து ஒரு நாட்டை நிறுவியது வரலாற்றில் அது ஒன்றே.

புதிய நாட்டை எவரும் ஏற்கவில்லை. அடிமைகளை வைத்திருந்த அமெரிக்கா 1806இல் அதனோடு வாணிகத்தைத் தடைசெய்தது. 1862இல்தான் அதை ஒரு நாடாக ஏற்றது. ஹைட்டியின் முதல் ஆட்சியாளரான தெசாலின், எஞ்சியிருந்த பிரெஞ்சு மக்களை, பெண்களையும் குழந்தைகளையுங்கூட, 1804இல் கொன்று குவிக்க ஆணையிட்டது உலகின் அச்சத்தைக் கூட்டியது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இனி நாம் வரவேண்டிய ஆண்டு 1825.

அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிரான்சு மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். "ஹைட்டி" என்ற பெயரே அதில் இல்லை. சான்-தொமிங்குவின் பிரெஞ்சுப் பகுதியில் இப்போது குடியிருப்போர் என்றுதான் அது அம்மக்களைச் சுட்டியது. அவர்களுக்கு மன்னர் விடுதலையை "வழங்குகிறார்"; அதற்கு ஈடாக, சொத்திழந்த பழைய தோட்ட முதலாளிகளுக்கு ஐந்து தவணைகளில் 15 கோடி பிராங்க் இழப்பீடு தரவேண்டும்; பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கவரியைப் பாதியாகக் குறைக்கவேண்டும். சூலைத் திங்களில் அந்த ஆணையைக் கொண்டுசென்ற பரோன் மக்கோவுடன் 14 போர்க்கப்பல்களும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகளும் சென்றன. குடியரசுத் தலைவர் புவாயே பணிந்தார். வெளியுலகின் ஏற்பும் வாணிகமும் கிடைக்கும் என்ற ஆசையும், மற்றொரு போரை நாடு தாங்காது என்ற அச்சமும் அவரைப் பணியவைத்தன.

15 கோடி பிராங்க் எத்துணைப் பெரிது என்பதற்கு ஒன்று சொல்லலாம். 1803இல் நெப்போலியன் வட அமெரிக்காவின் நடுவிலிருந்த லூசியானா என்னும் பெருநிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்றபோது பேசிய விலை 8 கோடி பிராங்க். கண்டத்தின் ஒரு பெரும் பகுதிக்கு அந்த விலை. சிறு தீவொன்றின் மூன்றில் ஒரு பங்கில் வாழ்ந்த முன்னாள் அடிமைகளுக்கோ ஏறத்தாழ இருமடங்கு! அந்த இழப்பீட்டுக் கணக்கில் நிலமும் ஆலையும் மட்டும் இல்லை. அடிமைகளும் தோட்டத்தின் மதிப்பில் அடங்கியிருந்தார்கள். தம் உடலையும் தம் பிள்ளைகளின் உடலையும் அவர்களே விலைகொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் இதன் பொருள்.

அதே 1825ஆம் ஆண்டு, அந்த ஆணைக்கும் புவாயேயின் கையொப்பத்துக்கும் இடைப்பட்ட மே 29ஆம் நாள், ரீம்ஸ் பேராலயத்தில் பத்தாம் சார்லஸ் மன்னருக்குப் பழைய கத்தோலிக்கச் சடங்குமுறைப்படி புனித எண்ணெய் பூசி முடிசூட்டினார்கள். இதை வாசித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இணைச்சட்ட நூலின் 15ஆம் அதிகாரத்தை வாசகர்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். ஏழாம் ஆண்டில் அடிமையை விடுதலை செய்யும்போது அவரை வெறுங்கையராய் அனுப்பலாகாது. உன் மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடுத்தனுப்பு. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்பது அச்சட்டத்தின் கருத்து. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இசுரயேலரும் வெள்ளியும் பொன்னும் பெற்றே புறப்பட்டனர் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. விடுதலை பெற்றவன் வாழத் தொடங்குவதற்குக் கையில் ஏதாவது வேண்டும் என்பதை அந்தப் பழைய சட்டம் நன்கு அறிந்திருந்தது. ஹைட்டியில் நடந்தது இதன் நேர்த் தலைகீழ். செங்கடலின் மறுகரைக்குப் பார்வோன் தேர்ப்படையை அனுப்பாமல் கடன் சீட்டை அனுப்பியிருந்தால் எப்படியிருக்கும், அப்படி. நம் நாட்டில் 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைகளின் கடனை அறவே செல்லாததாக்கியது. அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்ட ஊர்களை நாம் கண்டதுண்டு. எனினும் விடுதலையும் கடனும் ஒன்றாக வாழமுடியாது என்பதை அது ஒப்புக்கொண்டது.

முதல் தவணையான 3 கோடியே ஹைட்டி அரசின் ஓராண்டு வருவாயைப்போல் பல மடங்கு. எனவே பாரிசு நகர வங்கியாளர்களிடமே கடன் வாங்கினார்கள். 3 கோடிக்குப் பத்திரம் எழுதப்பட்டது. கைக்கு வந்தது 2 கோடியே 40 இலட்சம்! ஆயிரம் ரூபாய் என்று எழுதி வாங்கிக்கொண்டு எண்ணூறை எண்ணிக் கொடுக்கும் வட்டிக்காரரை நம் சந்தைகளில் யாவரும் அறிவர். இழப்பீடு ஒன்று, அதைக் கட்ட வாங்கிய கடன் ஒன்று என ஹைட்டி மக்கள் சுமந்த சுமையை வரலாற்றாசிரியர்கள் "இரட்டைக் கடன்" என அழைக்கின்றனர். 1838இல் பிரான்சு இரங்கி, எஞ்சிய இழப்பீட்டை 6 கோடியாகக் குறைத்து 30 ஆண்டுகளில் கட்டச் சொன்னது.

இப்பணம் எங்கிருந்து வந்தது? காப்பியிலிருந்து. மலைச்சரிவில் ஓரிரு ஏக்கரில் காப்பி பயிரிட்ட குடியானவர் தலையில் விழுந்தது அந்த வரி. துறைமுகச் சுங்கச்சாவடியில் வரியை எடுத்தால், மலைக்குப் பாதை போடவேண்டிய தேவை அரசுக்கு இல்லை. பள்ளி கட்டவேண்டிய தேவையும் இல்லை. பணம் வந்த கப்பலிலேயே ஏறிப் போயிற்று. விளைச்சலைப் பெருக்கக்கூடிய முதல் நாட்டுக்குள் தங்கவே இல்லை. நாட்டுப்புறத்தாரை "வெளியாள்கள்" எனப் பொருள்படும் சொல்லால் ஹைட்டி நகரத்தார் இன்றும் குறிப்பதுண்டு. அந்தச் சொல்லுக்குள் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன் என்று அது நீண்டது. 1880இல் நிறுவப்பட்ட ஹைட்டியின் தேசிய வங்கிக்குப் பெயர் மட்டுமே ஹைட்டியுடையது. உரிமை பாரிசு வங்கி ஒன்றினுடையது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் அவ்வங்கியிலிருந்து 5 இலட்சம் டாலர் மதிப்புள்ள பொன்னை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுசென்றனர். அடுத்த ஆண்டு நாட்டையே கைப்பற்றி 1934 வரை ஆண்டனர். அவர்கள் காலத்தில் 1922இல் ஏற்பட்ட கடன் 1947இல்தான் தீர்ந்தது. இரட்டைக் கடனுக்காக மட்டும் 64 ஆண்டுகளில் ஹைட்டி ஏறக்குறைய 11 கோடியே 20 இலட்சம் பிராங்க் கட்டியது, அது இன்றைய மதிப்பில் 56 கோடி டாலர் என்று 2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பழைய ஏடுகளை ஆராய்ந்து கணக்கிட்டது. அப்பணம் நாட்டிலேயே தங்கி வளர்ந்திருந்தால் எவ்வளவாகியிருக்கும் என்ற கேள்விக்கு அது தந்த குறைந்த மதிப்பீடே 2,100 கோடி டாலர்.

இங்கே மறுப்பு ஒன்று எழும். அந்தப் போதகரும் அதைத்தான் சுட்டினார்: அதே தீவின் கிழக்கில் உள்ள தொமினிக்கன் குடியரசு செழிப்பாக இருக்கிறதே! உண்மைதான். இன்று அதன் தனிநபர் வருவாய் ஹைட்டியினுடையதைப்போல் பல மடங்கு. கிழக்கிலிருந்து வீசும் காற்று மழையை முதலில் அங்கேதான் பொழிகிறது என்பதும், ஹைட்டியின் மலைகள் செங்குத்தானவை, மரம் வெட்டப்பட்டால் மண் நிற்காது என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். 1960 அளவில் இரு நாடுகளின் தனிநபர் வருவாயும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது என்பதைப் பொருளியலார் எடுத்துக்காட்டுகின்றனர். அப்படியாயின் 1825ஆம் ஆண்டின் கடன்மீது எல்லாப் பழியையும் போட இயலாது. இதை வாசித்தபோது நம் கோபம் சற்று நிதானப்பட்டது.

1957 முதல் 1986 வரை ஆண்ட துவாலியே தந்தையும் மகனும் நாட்டைச் சூறையாடினார்கள். அதற்கு முன்னும், 1826இல் புவாயே இயற்றிய நாட்டுப்புறச் சட்டம் குடியானவரைத் தோட்டத்தோடு கட்டிப்போட முயன்றது. முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளே இவ்வாறு பிறரைக் கட்டினார்கள். ஆனால் இத்தகைய அரசுகள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வரி பிடுங்கிக் கடன் கட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த அரசுக்கு, கடன் தீர்ந்த பின்னும் பிடுங்குவது மட்டுமே தெரிந்திருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதிய சுற்றுமடலில் "பாவக் கட்டமைப்புகள்" பற்றிப் பேசுகிறார். மனிதர் செய்த பாவம் அவர்களோடு சாகாமல், சட்டமாகவும் வழக்கமாகவும் நிறுவனமாகவும் இறுகிவிடும் என்பது அதன் உட்பொருள். குருமடத்தில் இக்கருத்தைக் கற்பித்திருந்தால் நமக்குக் கடினமாக இருந்திருக்கும். ஹைட்டியின் சுங்கச்சாவடி அதை எளிதாக விளக்கிவிட்டது.

அண்மைக் காலத்திலும் கதை மாறிவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில், பன்றிக் காய்ச்சலை ஒழிப்பதற்கென அமெரிக்க உதவியோடு ஹைட்டியின் கறுப்பு நாட்டுப் பன்றிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. பள்ளிக் கட்டணத்துக்கும் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் குடியானவர் விற்றுப் பணமாக்கியது அந்தப் பன்றியைத்தான்; அதுவே அவர்களின் சேமிப்பு வங்கி. ஈடாக அனுப்பப்பட்ட சீமைப் பன்றிகளுக்கு விலைகொடுத்து வாங்கும் தீவனமும் நல்ல கொட்டிலும் தேவைப்பட்டன. 1995இல் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டதும், அமெரிக்காவின் மானிய அரிசி வந்து குவிந்து உள்நாட்டு நெல் வேளாண்மை நொடிந்தது. அது தம் ஆர்க்கன்சா மாநில உழவருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் தவறு என்று, 2010இல் முன்னாள் அதிபர் கிளிண்டன் அமெரிக்க மேலவைக் குழுவின்முன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

நம் திருச்சபையின் பங்கு என்ன? விடுதலைக்குப் பின் 56 ஆண்டுகள் உரோமையோடு உடன்படிக்கை இன்றி அந்நாட்டுக் கத்தோலிக்கர் மேய்ப்பரற்ற ஆடுகளாய்த் தவித்தனர். 1860இல் உடன்படிக்கை ஏற்பட்ட பின் பிரெஞ்சுக் குருக்களும் சகோதரர்களும் கன்னியரும் சென்று நல்ல பள்ளிகளை நிறுவினர். ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களில் அமைந்தன. கற்பித்தது பிரெஞ்சு மொழியில். மக்கள் பேசியதோ கிரியோல். 1941, 1942ஆம் ஆண்டுகளில் மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் குடியானவரின் முரசுகளையும் பூசைப் பொருள்களையும் உடைத்தெரித்தோம். மறுபுறம், 1983 மார்ச்சில் போர்ட்-ஓ-பிரின்ஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஆட்சியாளர் முன்னிலையிலேயே இங்கு ஏதேனும் மாறியாக வேண்டும் என்று முழங்கினார். மூன்றாண்டுகளில் துவாலியே மகன் நாட்டைவிட்டு ஓடியதில் சிற்றாலயங்களில் கூடிய அடிப்படைக் குழுக்களுக்கும் திருச்சபையின் வானொலிக்கும் பங்கு உண்டு.

நம் மக்களுக்கும் இவ்வரலாற்றில் ஓர் ஓரம் உண்டு. பிரான்சு தன் எஞ்சிய தீவுகளில் 1848இல் அடிமைமுறையை ஒழித்தபோது, அங்கும் இழப்பீடு பெற்றவர் முதலாளிகளே. விடுதலை பெற்றவர்கள் விட்டுச்சென்ற கரும்பு வயல்களை நிரப்ப, 1853 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் நம் தமிழர். மார்த்தினிக்கு, குவாதலூப்பு தீவுகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

2000ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டு ஏழை நாடுகளின் கடனை நீக்கவேண்டும் என்று திருத்தந்தை 1994இலேயே கேட்டார். 2009இல் ஹைட்டியின் அயல்நாட்டுக் கடனில் 120 கோடி டாலர் நீக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி துவாலியேக்கள் வாங்கித் தின்றது. ஆனால் நீக்கப்பட்டது ஹைட்டி தரவேண்டிய கடன். ஹைட்டிக்குத் தரவேண்டிய கடன்? 2003இல் அதைக் கேட்ட குடியரசுத் தலைவர் அரிஸ்தீது, முன்னாள் சலேசியக் குரு, அடுத்த ஆண்டே பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2025 ஏப்ரல் 17ஆம் நாள், ஆணையின் இருநூறாம் ஆண்டு நிறைவன்று, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாசிரியர்களைக் கொண்ட ஆணையம் ஒன்றை அறிவித்தார். திருப்பித் தருவது பற்றி அவர் வாக்குறுதி ஏதும் அளிக்கவில்லை.

அந்த முதியவரைச் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்திக்க வாய்த்தது. நாம் வாசித்ததையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பணத்தை யாருக்குச் சாமி பிரிச்சுக் கொடுத்தாங்க?" என்றார். அப்போது நமக்கு விடை தெரியவில்லை. இப்போது தெரியும். பணத்தைப் பங்கிட்ட பாரிசு ஆணையம் தன் கணக்கை ஆறு தொகுதிகளாக அச்சிட்டு வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயர், பழைய உரிமையாளரின் பெயர், உரிமை கோரிய வாரிசுகளின் பெயர், தொகை என வரிசை வரிசையாக அதில் உள்ளன.